ஃபிரேம்வொர்க் எழுதும் எஸ்க்யூஎல்லைப் படியுங்கள்

ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் ஒரு என்டிட்டி (டேபிளுக்கு இணையான கிளாஸ்), ஒரு ரெபாசிட்டரி (டேட்டாவை எடுக்கும் பகுதி), ஒரு கன்ட்ரோலர் (ரிக்வெஸ்டை வாங்கும் பகுதி) எழுதினால் அரை மணி நேரத்தில் ரெஸ்ட் சர்வீஸ் ஓட ஆரம்பித்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு அது பெரிய சந்தோஷம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே அரை மணி நேரத்தில் டேட்டாபேஸ் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. என் கவலை அதுதான்.

ஆர்டர் பட்டியல் தரும் ஒரு ஏபிஐ எழுதியிருந்தேன், பக்கத்துக்கு 50 ஆர்டர். என் லேப்டாப்பில் இருந்ததே மூன்று ஆர்டர்தான் என்பதால் பட்டென்று வந்தது. லைவ் போனதும் இழுக்க ஆரம்பித்தது. மெமரியைக் கூட்டிப் பார்த்தோம், பலனில்லை. கடைசியில், நமக்குப் பதிலாக டேட்டாபேஸ் குவெரிகளை எழுதும் ஹைபர்நேட்டின் எஸ்க்யூஎல் லாகை ஆன் செய்தேன். ஒரே ரிக்வெஸ்டுக்கு 51 குவெரி! ஆர்டர்களை எடுக்க ஒன்று, அப்புறம் ஒவ்வொரு ஆர்டரின் பொருட்களுக்கும் ஒவ்வொன்று.

நான் எழுதிய கோடில் லூப்பே கிடையாது. பதிலை ஜேசானாக மாற்றும்போது ஜாக்சன் லைப்ரரி ஒவ்வொரு கெட்டரையும் கூப்பிடுகிறது, லேசியாக (கேட்கும்போது மட்டும் லோட் ஆகும்படி) விட்டிருந்த பொருட்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக லோட் ஆகின்றன. ஸ்பிரிங் பூட்டில் ஓபன்-இன்-வியூ (பதில் தயாராகும் வரை ஹைபர்நேட் செஷனைத் திறந்தே வைக்கும் செட்டிங்) இயல்பாகவே ஆனில் இருப்பதால் எந்த எர்ரரும் வராது. ஆப் ஸ்டார்ட் ஆகும்போது லாகில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும். அதை யார் படிக்கிறோம்?

ஜாயின் ஃபெட்ச் (ஆர்டர்களையும் பொருட்களையும் ஒரே குவெரியில் எடுப்பது) போட்டால் தீரும் என்று நினைத்தேன். ஆனால் பேஜினேஷனோடு (பக்கம் பக்கமாக எடுப்பதோடு) பொருட்கள் போன்ற கலெக்ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்தால் ஹைபர்நேட் எல்லா வரிசைகளையும் மெமரிக்குள் இழுத்து அங்கே வைத்துப் பக்கம் பிரிக்கிறது. அது இன்னும் மோசம். பேட்ச் சைஸை (ஒரே குவெரியில் எத்தனை ஆர்டரின் பொருட்களை எடுக்கலாம் என்ற அளவை) 50 என்று வைத்த பிறகு இரண்டே குவெரியில் முடிந்தது. மற்ற ஃபிரேம்வொர்க்குகளிலும், ஜாங்கோவில் பிரிஃபெட்ச் ரிலேட்டட், லாரவெலில் வித் என்று ஒவ்வொன்றிலும் இதற்கு வழி இருக்கிறது. நாம் பார்த்தால்தான் தேவை தெரியும்.

இன்னொன்று. ஈமெயில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கோடில் செக் செய்துவிட்டு சேவ் செய்வது போதவே போதாது. ஒரே நேரத்தில் இரண்டு ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டுமே செக்கைத் தாண்டிவிடும். டேபிளில் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் விதி) கட்டாயம் இருக்க வேண்டும். அது தடுக்கும்போது சர்வர் எர்ரரான 500-ஐக் காட்டாமல், மோதல் என்று சொல்லும் 409 அனுப்புங்கள்.

இப்போது புது எண்ட்பாயின்ட் ரிவ்யூவுக்கு வந்தால் எத்தனை குவெரி ஓடியது என்றுதான் முதலில் கேட்கிறேன். ஹைபர்நேட் ஸ்டாடிஸ்டிக்ஸை ஆன் செய்தால் அந்த எண் கிடைக்கும், டெஸ்டிலேயே வைத்து சரிபார்க்கலாம். அந்த டெஸ்டில் மூன்று ஆர்டர் போடாதீர்கள், ஐம்பது போடுங்கள்.