கொரோனா கால வீட்டுக்கடன் தவணை தள்ளுபடி ஆகவில்லை, தள்ளிப்போனது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீட்டை இழந்தவர்களைப் பற்றிய பேச்சில், “கொரோனாவுக்கு ஆறு மாத இ.எம்.ஐ.யை ரிசர்வ் வங்கி தள்ளுபடி செய்ததே, வெள்ளத்துக்கும் செய்யட்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அன்று தள்ளுபடி எதுவும் நடக்கவில்லை.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கத்தான் அனுமதி. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 8 சதவீத வட்டியில் 20 லட்சம் பாக்கி என்றால், ஆறு மாதத்தில் ஏறக்குறைய 80,000 ரூபாய் கடனோடு சேர்ந்திருக்கும். வட்டிக்கு வட்டி மட்டும்தான் பிற்பாடு திரும்பக் கிடைத்தது: 2 கோடி வரையிலான கடன்களுக்கு முதலில் மத்திய அரசு கொடுத்தது, மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? ரிசர்வ் வங்கி இணையதளத்தில் 2020 மார்ச் 27 தேதியிட்ட சுற்றறிக்கையைத் திறந்து பாருங்கள். வட்டி தொடர்ந்து சேரும் என்று நேரடியாகவே இருக்கிறது. அதைவிடச் சுலபம், அப்போது தவணை கட்டாமல் விட்டவர்கள் தங்கள் கடன் ஸ்டேட்மென்டை எடுப்பது. அந்த ஆறு மாத வரிகளில் வட்டிப் பற்று மாதாமாதம் விழுந்து, பாக்கித் தொகை ஏறியிருக்கும்.