ஏ.எம்., பி.எம். சமஸ்கிருதச் சுருக்கமா?

ஏ.எம். என்பது 'ஆரோஹணம் மார்த்தாண்டஸ்ய', பி.எம். என்பது 'பதனம் மார்த்தாண்டஸ்ய' என்ற சமஸ்கிருதத் தொடர்களின் சுருக்கம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. சூரியன் ஏறுவது, இறங்குவது என்று பொருளும் பொருந்திவிடுவதால் நம்பத்தான் தோன்றும். ஆனால் தவறு.

இரண்டும் லத்தீன்: ஆன்டே மெரிடியம், போஸ்ட் மெரிடியம். மெரிடியம் நண்பகலைக் குறிக்கும். ஆன்டே முன், போஸ்ட் பின். செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கும் போஸ்ட்மார்ட்டத்தில் இருப்பதும் இதே போஸ்ட்தான். அங்கே மரணத்துக்குப் பின்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சரியாகப் பகல் 12 மணி, நண்பகலுக்கு முன்னும் அல்ல, பின்னும் அல்ல. '12 பி.எம்.' என்றால் பகலா, நள்ளிரவா என்று பலர் தடுமாறுவது அதனால்தான். வழக்கத்தில் அது பகல். அழைப்பிதழில் '12 நூன்' என்றே அச்சிட்டுவிடலாம்.