பாலம் யாருக்கு? ஆற்றைக் கடப்பவர்களுக்கா, மனை விற்பவர்களுக்கா?

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே எங்கள் ஊருக்கு ஓர் உயர்மட்டப் பாலம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. மழைக்காலம் மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு கல்கூட நடப்படவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு ஆந்திரத்திலிருந்து வருகிறது. அங்கே கிருஷ்ணாபுரம் அணையின் மதகைத் தூக்கினால் இங்கே தரைப்பாலம் மூழ்கும். எங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஒரு தூறல்கூட விழுந்திருக்காது; ஆனாலும் செந்நிறத் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு வரும். 2021 நவம்பரில் இந்தப் பக்கத்துத் தரைப்பாலங்கள் அடுத்தடுத்து மூழ்கியதையும் கிராமங்கள் துண்டிக்கப்பட்டதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் தரைப்பாலத்தை வந்து பாருங்கள். அடியில் இருக்கும் சிமெண்ட் குழாய்கள் ஒவ்வொன்றிலும் சீமைக் கருவேல முள்ளும் மூங்கில் தூறும் கிழிந்த சாக்கும் அடைத்துக்கொண்டிருக்கும். ஓரத்துக் காப்புக் கற்களில் பாதி போய்விட்டன. மிச்சமிருப்பவை சாய்ந்து நிற்கின்றன. மேல்தளம் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. அந்தக் கம்பியில் கால் இடறாமல், பால் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பெண்கள் நடக்கிறார்கள். தறியில் ஏற்றும் பாவு நூல் கட்டைத் தலையில் சுமந்து வரும் நெசவாளிகள் நனையக் கூடாது என்று கையை உயர்த்திப் பிடித்தபடியே கடக்கிறார்கள். பாவு நனைந்தால் அந்த வாரக் கூலி போயிற்று.

இந்த இடத்தில்தான் பாலம் வேண்டும் என்கிறோம். ஆனால் ஊரில் வசதி படைத்த சிலரும், அவர்கள் சொல்லுக்குத் தலையாட்டும் அதிகாரிகளும் ஒன்றரை கிலோமீட்டர் கீழே ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். ஏன் அங்கே? போய்ப் பார்த்தால் காரணம் கண்ணில் குத்தும். கரும்பு விளைந்த வயல் முழுக்க மஞ்சள் வண்ணம் அடித்த எல்லைக் கல். பாலம் வந்துவிட்டால் மனை விலை ஏறும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பெயர் ஊர் வளர்ச்சியாம்.

ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், "ஒன்றரை கிலோமீட்டர்தானே அம்மா, சுற்றி வந்தால் என்ன?" என்று ஒரு பாட்டியைக் கேட்டார். கீழே ஒன்றரை கிலோமீட்டர் போய், அக்கரையில் ஒன்றரை கிலோமீட்டர் மேலே திரும்பி வந்தால் மூன்று. போக மூன்று, வர மூன்று. காரில் வந்து இறங்கியவருக்கு அது ஒரு தூரமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு? பிரசவ வலி எடுத்தவளுக்கு? அக்கரையில் இருப்பது காலனியும் நெசவாளர் தெருவும்தான் என்பதால்தானே இப்படிக் கேட்க வாய் வருகிறது? வெளிப்படையாகவே கேட்கிறேன்.

சரி, மனிதர்களை விடுங்கள், ஆற்றையாவது பார்த்தார்களா? பாலத்துக்கு இடம் பார்க்கும்போது ஆறு நேராக ஓடும் இடம், கரை கெட்டியான இடம், நீரோட்டத்துக்குச் செங்குத்தாகக் கடக்க முடிகிற இடம் என்று தேடுவதுதான் முறை. அவர்கள் காட்டும் இடத்தில் ஆறு வளைகிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் வெளிக்கரையை அரித்துத் தின்கிறது. போதாததற்கு அங்கேதான் மணல் அள்ளி அள்ளிப் படுகையே பள்ளமாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. 2024 டிசம்பரில் தென்பெண்ணையின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டில் ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டிய புதுப் பாலம், திறந்த மூன்றே மாதத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் எந்தத் துணிச்சலில் வளைவில் தூண் நிறுத்தப் பார்க்கிறார்கள்?

ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆற்றுக்கும் இதே கதைதான். பிச்சாட்டூர் அணை திறந்தால் அங்கே தரைப்பாலம் மூழ்கும், திருவள்ளூர் போகும் வழி அடைபடும். அவர்களும் பல ஆண்டுகள் அவதிப்பட்டார்கள். ஆனால் கடைசியில் மக்கள் போய்வந்த சாலையிலேயே பாலம் கிடைத்தது. எங்களுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் கிடையாது?

"முதலில் நீங்கள் ஒற்றுமையாக வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்பது அலுவலகத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். மனைக்காரரும் பாவு சுமப்பவளும் எந்தக் காலத்தில் ஒற்றுமையாக வருவார்கள்? மண் பரிசோதனை செய்யுங்கள், வெள்ள மட்டத்தைக் கணக்கெடுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேர் எங்கே கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதன்படி முடிவெடுப்பது உங்கள் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் எங்கள் சண்டையைக் காரணம் காட்டி ஆண்டைத் தள்ளாதீர்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு இடங்களின் ஆய்வு அறிக்கையையும் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லப் போகிறோம். தரைப்பாலம் இருக்கும் இடத்திலேயே உயர்மட்டப் பாலம் என்று தீர்மானம் எழுதாமல் பதிவேட்டில் ஒருவரும் கையெழுத்துப் போடப் போவதில்லை. அக்கரைக்காரர்கள் அன்று வேலைக்குப் போகாமல் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.