நடக்கிற அலுப்புக்குத்தானே ஒன்லைனுக்கு வந்தோம்?

எங்கட ஊர்ச் சாமான்களை ஒன்லைனில் விற்க, திரைக்குள்ளேயே நடந்து திரிகிற மாதிரி ஒரு 3டி மோல் கட்டியிருக்கிறார்கள். அதன் திறப்பு விழா வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதற்குக் கீழே நான் கேட்ட ஒரேயொரு கேள்வியை அழித்துவிட்டார்கள். சரி, அவர்களின் பக்கம், அவர்களின் விருப்பம். ஆனால் "இவருக்கு எங்கட ஊர் முன்னேறுறது பிடிக்கல்ல" என்ற கொமண்ட் மட்டும் இன்னும் பத்திரமாகக் கிடக்கிறது. அதற்கு நூறு லைக் வேறு.

ஆக்கள் ஏன் ஒன்லைனில் வாங்குகிறார்கள்? கல்முனை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைப் பெருவிரலால் "மரூன் சாரி" என்று தேடி, விலைப்படி அடுக்கிப் பார்க்க முடிகிறதே, அதற்காக. நடக்கத் தேவையில்லையே, அதற்காக. இந்த மோல் உங்களை வாசலில் கொண்டுபோய் விட்டு, இடது பெருவிரலால் நட, வலது பெருவிரலால் தலையைத் திருப்பு என்கிறது. சாரிக் கடை மேல்மாடியில்! அதற்குப் படியும் ஏற வேண்டும்.

"சாமானை நேரில பாக்கிற மாதிரி இருக்கும்" என்கிறார்கள். இருக்காது. கணக்குப் போடுவோம். மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்று ஐந்தரை மீற்றர் என்று வையுங்கள். 3டி உருவத்தின் மேல் ஒட்டுகிற படம் பெரும்பாலும் 2048 புள்ளி (பிக்சல்) அகலம். ஐந்தரை மீற்றரை 2048ஆல் பிரித்தால், ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 2.7 மில்லிமீற்றர். அந்த ஒரு புள்ளிக்குள் பல இழைகள் அடங்கிவிடும். நெசவே தெரியாது. சாதாரண போனில் கரையைக் கிட்டப் பிடித்து எடுத்த படத்தில் ஒரு மில்லிமீற்றருக்குப் பத்துப் புள்ளிக்கு மேல் விழும், நூல் நூலாய்த் தெரியும். இதில் எது நேரில் பார்க்கிற மாதிரி?

சாரியின் சின்னத் துண்டொன்றைப் படமெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டிச் சமாளிக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். சமாளிக்கலாம். முந்தானை பொய்யாகிவிடும், அவ்வளவுதான்.

பாரமும் இருக்கிறது. 2048க்கு 2048 படம் இறங்கும்போது சின்னதுதான், போனின் நினைவகத்துக்குள் விரிந்தால் 16 எம்பி. நாற்பது சாரிக்கு 640 எம்பி. மோலின் சுவரும் செயற்கை நீரூற்றும் தனி. 2 ஜிபி ராம் உள்ள போனில் பிரவுசர் தானாக மூடிக்கொள்ளக்கூடும், இல்லாவிட்டால் மோல் கட்டினவர்கள் படத்தை 512 புள்ளிக்கு இறக்க வேண்டிவரும். பிறகு கரை புகை மண்டியதுபோல இருக்கும். அதற்கென்று உள்ள சுருக்க முறையைப் போட்டால் பாரம் கால்வாசிக்கு இறங்கும், உண்மை. ஒரு புள்ளிக்கு 2.7 மில்லிமீற்றர் மட்டும் அப்படியே நிற்கும்.

பளபளக்கிற சாமானென்றால் இன்னும் மோசம். சுற்றிவர எழுபது எண்பது படம் எடுத்து 3டி ஆக்குகிற மென்பொருள், ஒரு படத்திலுள்ள புள்ளியை அடுத்த படத்தில் தேடித்தான் பொருத்துகிறது. பித்தளைக் குத்துவிளக்கில் நாம் நகர நகர மினுக்கமும் நகரும். புள்ளி பொருந்தாமல் விளக்கின் கழுத்தில் ஓட்டை விழும். கண்ணாடி வளையலைக் கேட்கவே வேண்டாம்.

"தொழில்நுட்பம் வளரும்தானே?" ஓம், வளரட்டும். 1999இல் பூ.கொம் (Boo.com) என்று ஒரு ஒன்லைன் உடுப்புக் கடை வந்தது. உடுப்பைச் சுழற்றிப் பார்க்கலாம், பேசுகிற பொம்மைப் பெண்ணும் உண்டு. 2000 மே மாதம் இழுத்து மூடினார்கள். காசை வாரி இறைத்ததும் காரணம், டெலிபோன் வயரில் வந்த அந்தக் கால டயல்அப் இன்டர்நெட்டில் பக்கம் லேசில் திறக்காததும் காரணம். 2016இல் அவுஸ்திரேலியாவில் ஈபேயும் மையர் என்ற பெரிய கடைத்தொடரும் சேர்ந்து உலகின் முதல் வீஆர் (மெய்நிகர்) டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று அறிவித்து, அதைப் பார்க்க போனைச் செருகுகிற மட்டைக் கண்ணாடியை இலவசமாகவும் கொடுத்தன. இன்றைக்கு யார் கையில் இருக்கிறது அந்தக் கண்ணாடி?

தளபாடம் விற்கிற ஐக்கியாவைக் காட்டாதீங்க. 2017இல் அவர்கள் கொண்டுவந்தது உங்கள் வீட்டு மூலையில் அலுமாரி கொள்ளுமா என்று அளந்து காட்டுகிற செயலி. அது நல்லது, நானே சொல்லுவேன். அதில் மோல் எங்கே இருக்கிறது?

மருதமுனைக் காக்கா (அண்ணன்) ஒருத்தர் வாட்ஸ்அப் வீடியோ கோலில் வியாபாரம் செய்கிறார். "கொஞ்சம் வெளிச்சத்துக்குப் பிடிங்க காக்கா" என்று கொழும்பிலிருந்து பிள்ளை கேட்கும். இவர் சாரியை வாசலுக்குக் கொண்டுபோய், கரையைப் புரட்டி மறுபக்கம் காட்டி, கையால் கசக்கி விட்டுக் காட்டுவார். "சுருக்கம் விழுதா பாருங்க மகள்." கசக்கிக் காட்டுகிற மோலைக் கட்டுங்க, நானே வந்து ரிப்பன் வெட்டுறன்.

அதுவும் வேண்டாமென்றால் ஐந்து படம் போதும். காலை வெளிச்சத்தில், நிழலில், மஞ்சள் பல்ப் இல்லாமல். முழுச்சாரி, முந்தானை, அளவுநாடா வைத்த கரை, மறுபக்கம், வெள்ளைக் கடதாசிக்குப் பக்கத்தில் நிறம். ஒன்று 200 கேபி என்றால் மொத்தம் ஒரு எம்பி. இந்த ஊர்ச் சாமான்களைப் படமெடுத்து ஏற்றுகிறதே வேலையாய் இருக்கிறவனைத்தான் முன்னேற்றத்துக்கு எதிரி என்கிறீங்க. சொல்லுங்க, சொல்லுங்க.

அழித்த கேள்வியைத் திரும்பப் போடுகிறேன். உங்கள் மோலுக்குள் எரிகிற அந்தப் பொன் வெளிச்சத்தில் மரூன் செங்கல் நிறமாகத் தெரிகிறது. அதை நம்பித் திருக்கோவிலில் ஒரு அக்கா வாங்கி, கையில் மரூன் கிடைத்தால், திருப்பி அனுப்புகிற கூரியர் காசு ஆருடையது? மூன்று மாடி கட்டியிருக்கிறீங்க. இதைக் கேட்க ஒரு கவுண்டர் எந்த மாடியில்?