தோட்டத்துப் பத்திரம் கை கொடுக்கலைங்க

குடியுரிமை வாங்கின மகன் கையெழுத்துப் போட்டா அப்பா, அம்மாவுக்கு அமெரிக்க கிரீன் கார்டு வந்துரும்னு கட்டுரையில ஒரே வரியில முடிச்சுட்டீங்க. அந்தக் கையெழுத்து ஐ-864 படிவத்துல போடறதுங்க, வர்றவங்களைக் காப்பாத்தற செலவுக்கு நான் பொறுப்புன்னு சட்டப்படி ஒப்பந்தம். மகனோட வருமானம் அங்கத்த வறுமைக்கோட்டு அளவுல 125 சதவீதமாவது இருக்கோணும். பொண்டாட்டி புள்ளைகளோட, வரப்போறவங்களையும் சேர்த்துத் தலை எண்ணுவாங்க.

கோபியில இருக்கற எங்க பங்காளிக்கு அமெரிக்காவுல ஒரு மகன், அவனுக்கு அந்த நேரம் பார்த்து வேலை போச்சு. "தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல நாலு ஏக்கர் கெடக்குதே, அதைக் காட்டு"ன்னார் பங்காளி. காட்டலாமுங்க. ஆனா வருமானத்துல குறையற தொகைக்கு அஞ்சு மடங்கு மதிப்பு வேணும், ஒரு வருசத்துக்குள்ள வித்துக் காசாக்க முடியோணும். இவரு பூமியோ அண்ணன் தம்பி கூட்டுப் பட்டா!

கடைசியில அங்கயே இருக்கற பையனோட மச்சினன் கூட்டு ஸ்பான்சரா, அதாவது கூடச் சேர்ந்து பொறுப்பேத்துக்கறவரா நின்னாப்டி. வந்தவங்க குடியுரிமை வாங்கற வரைக்கும், இல்லாட்டி 40 காலாண்டு (பத்து வருசம் மாதிரி) வேலைக்கணக்கு சேர்ற வரைக்கும் பொதுவா அந்தப் பொறுப்பு தீராதுங்க. எழுபது வயசுல பங்காளி எங்க வேலைக்குப் போறது? விசயம் தெரிஞ்சதுல இருந்து மச்சினன் சம்சாரம் இவங்களோட முகங்கொடுத்துப் பேசறதில்லை.