ஹீரோவுக்கு மட்டும் ஏன் ஃப்ளாஷ்பேக்?

ஆன்லைன் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். கோயிலில் நாயகிக்கு வேறொருவனோடு கல்யாணம். கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் நாயகன் ஜீப்பில் வந்து இறங்குகிறான், மாப்பிள்ளை கையிலிருந்து தாலியைப் பிடுங்கி அவள் கழுத்தில் தானே மூன்று முடிச்சும் போடுகிறான். தொடரும். கீழே கமெண்டில் ஒரே ரகளை. "இவனை எல்லாம் ஜெயில்ல போடணும் ரைட்டர்ஜி." "அவ இவனை மன்னிக்கவே கூடாது சிஸ்." "அடுத்த யூடி எப்போ?" (யூடி என்றால் அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்.) பல சமயம் மூன்றையும் போட்டது ஒரே ஆளாகத்தான் இருக்கும்.

பத்து யூடி தள்ளிப் போங்கள். நாயகிக்குக் காய்ச்சல், நாயகன் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறான். "அச்சோ, அவனுக்குள்ளயும் ஒரு மனசு!" இன்னும் பத்து போனால் சின்ன வயதில் அம்மா விட்டுவிட்டுப் போனதும் சித்தி சூடு வைத்ததும் ஃப்ளாஷ்பேக்காக வருகிறது. "பாவம்ப்பா அவன்." அதற்குப் பிறகும் நாயகி அவனோடு பேசாமல் இருந்தால், "ஹீரோயின் ரொம்ப ஓவரா பண்றா, இவ்ளோ திமிர் ஆகாது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தப்பு செய்தவன் அவன், கூண்டில் நிற்பது அவள்.

இப்படித் தப்பு செய்கிறவனே நாயகனாக வரும் ஆன்டி ஹீரோ கதைகளே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. விரும்பிப் படிக்கிற ஆள்தான் நான். வாசகிகளுக்கு அறிவுரை சொல்கிற பதிவுகளைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது. கதையில் வருகிறவனை ரசிப்பவர்களுக்கு வீட்டில் எவன் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதா என்ன? எனக்கு உறுத்துவது வேறு. கதையில் யாருக்கு ஃப்ளாஷ்பேக் கிடைக்கிறதோ அவருக்கு விடுதலை, கிடைக்காதவருக்குத் தண்டனை. அதை யாருக்குக் கொடுப்பது என்பதைக் கமெண்ட் பெட்டி முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கோயில் காட்சியில் மணமேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா? பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் பட்டம் கட்டி, ஊரே பார்க்க எழுந்து போனவன். நான் படித்த ஒரு கதையில் அவன் வங்கியில் வேலை பார்க்கிற சாதுவான பையன். நாயகி மேலே படிக்க வேண்டும் என்று சொன்னதும் "தாராளமா படிங்க" என்கிறான். அவளோடு பேசிவிட்டுப் போகும்போது அவள் அப்பாவின் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது எங்க ஏரியாவுல விலை கம்மி, நானே வாங்கிட்டு வரேன்" என்கிறான். ரொம்பச் சின்னக் காட்சி, ஆனால் அந்த ஒரு வரியில் ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டான்.

தாலி யூடி வந்ததும் ஒரு வாசகி கேட்டார்: "மாப்பிள்ளை நல்லவனாத்தானே இருந்தான், அப்போ ஹீரோ செஞ்சது அநியாயம் இல்லையா?" அந்தக் கதைக்கு வந்த கமெண்டுகளிலேயே உருப்படியானது அதுதான். எழுத்தாளர் அதைப் படித்தார் என்பது பின்னால் புரிந்தது. சில யூடிகளில் மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் ஏற்கெனவே ஒரு மனைவி முளைத்தாள், போதாததற்கு ஒரு கைக்குழந்தை வேறு. நாயகன் அராஜகம் செய்யவில்லை, நாயகியைக் காப்பாற்றியிருக்கிறானாம்! கமெண்டில் ஹார்ட்டின் மழை. மாத்திரைச் சீட்டு பார்த்த பையனுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல கேள்விக்குப் பதில் எழுதுவதை விட்டுவிட்டு, கேள்விக்கே இடமில்லாமல் கதையைத் திருத்திவிட்டார்.

எழுதுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ராத்திரி சமையலறையை ஒழித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு போனிலேயே தட்டச்சு செய்து எபி (எபிசோட்) போடுகிறவர்கள் எத்தனையோ பேர். மறுநாள் காலை அவர்களுக்குக் கிடைப்பது நட்சத்திரமும் ஸ்டிக்கரும் கமெண்டும்தான். பிரதிலிபி மாதிரித் தளங்களில் அதுவே வருமானத்துக்கும் வழி. கதை முடிந்து, தளத்திலிருந்து லிங்க்கை எடுத்துவிட்டு அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போட்டால் அங்கேயும் ரேட்டிங். "சைலண்ட் ரீடர்ஸ், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கப்பா" என்று ஒவ்வொரு யூடிக்குக் கீழேயும் அவர்கள் கெஞ்சுவதை நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஆனால் அந்த மௌனத்தால்தான், கமெண்ட் போடுகிற இருபது முப்பது பேரின் கோபமும் கொஞ்சலும் மொத்த வாசகர்களின் கருத்தாக எழுத்தாளர் தலையில் ஏறுகிறது.

தொடர்கதை வாசகர் பாத்திரத்தோடு சண்டை போடுவது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவள் என்ன ஆனாள் என்ற கேள்விகளுக்காகக் கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைக் கொஞ்சம் சொன்னார். இன்று நாம் "எபிலாக் ப்ளீஸ்" என்று கேட்பதன் பாட்டி அது. (நம் எபிலாக்கில் இரட்டைக் குழந்தை கட்டாயம். ஒன்று ஆண், ஒன்று பெண். ஏன் என்று கேட்கக் கூடாது.)

அந்த நாவலின் நந்தினிக்கும் ஃப்ளாஷ்பேக் இருக்கிறது. காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனுக்காக அவள் உயிர்ப்பிச்சை கேட்டும் ஆதித்த கரிகாலன் அவன் தலையை வெட்டினான் என்று தெரியும்போது யாருக்கும் அவள் மீது இரக்கம் வரும். ஆனால் அந்த இரக்கத்தைக் காட்டி அவளுடைய சூழ்ச்சிகளை யாரும் கழுவிவிடவில்லை. நமக்கு அவளைப் புரிகிறது, பயமாகவும் இருக்கிறது. கரிகாலனைக் கொன்றது யார் என்றுகூட நாவல் அறுதியிட்டுச் சொல்லவில்லை, அதனால்தான் இன்றைக்கும் வாசகர் குழுக்களில் அதை வைத்து அடித்துக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் யூடிக்குக் கீழே கமெண்ட் பெட்டி இருந்திருந்தால் நந்தினி திருந்தி, பழையாறை அரண்மனையில் குந்தவைக்குத் தலை பின்னிவிட்டிருப்பாளோ என்னவோ.

வாசகர் பேச்சைக் கேட்பதே தப்பு என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெயர் 'தி மார்ஷியன்' என்ற அறிவியல் நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டபோது, அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், அவரும் திருத்தினார். கதைக்கு அது லாபம். நம் கதைகளிலும் கோர்ட் காட்சியில் வக்கீல் மேசையைத் தட்டிக் கத்தினால், ஐசியூவில் குடும்பமே சுற்றி நின்று அழுதால், யாராவது சொல்லத்தான் வேண்டும். தகவல் தப்பைச் சொல்வது உதவி. அவனை நல்லவனாக்கு, இவளைக் கொன்றுவிடு, இரண்டாவது ஹீரோயினை வெளிநாட்டுக்கு அனுப்பு என்பதெல்லாம் ஆர்டர் போடுவது.

கொரியாவில் 2018 முதல் 2020 வரை வந்த 'ஓம்னிஷியன்ட் ரீடர்ஸ் வியூபாயிண்ட்' என்ற வலை நாவலில் நாயகனே ஒரு வாசகன்தான். வேறு யாரும் முழுதாகப் படிக்காத ஒரு நீளமான தொடர்கதையைக் கடைசிவரை படித்தவன். திடீரென்று உலகமே அந்தக் கதையாக மாறுகிறது. அந்தத் தொடர்கதையின் கதாநாயகனைப் பற்றி இவனுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் அவன் பக்கத்தில் நிற்கும்போது கணக்கு பல தடவை தப்புகிறது. எபி படித்து முடித்ததும் ஒரு பாத்திரத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிற எனக்கு அது நன்றாகவே உறைத்தது.

எழுதியவர் பெயரை மறைத்து நடத்தும் போட்டிக் கதைகளில் கமெண்டுகளின் தரமே வேறாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். யார் எழுதியது என்று தெரியாததால் "சூப்பர் கா, வேற லெவல்" குறைகிறது, "இந்த இடத்தில் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை?" மாதிரிக் கேள்விகள் கூடுகின்றன. ஜால்ரா அடிக்க ஆள் தெரியாவிட்டால் நமக்குப் பாத்திரம் கண்ணில் படுகிறது போல.

எழுதுகிற சகோதரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாங்கள் உங்கள் ஹீரோவைத் திட்டினால் திட்டட்டும் என்று விடுங்கள். அடுத்த யூடியில் அவனுக்காக ஒரு சித்தியைப் பிடித்து வந்து சூடு வைக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஃப்ளாஷ்பேக்கை மணமேடையிலிருந்து எழுந்து போன மாப்பிள்ளைக்குக் கொடுங்கள். அவன் கதையை எழுதினால் முதல் கமெண்ட் என்னுடையது.