புகழ்ந்தால் அஞ்சலி, கேட்டால் அநாகரிகமா?

"இறந்த வீட்டில் அரசியல் பேசாதே" என்று நமக்குப் புத்தி சொல்ல வருகிறவரின் தோளைச் சற்றுப் பாருங்கள். அங்கே கட்சித் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும். பாடை கட்டி முடிப்பதற்குள் தெருவின் இரு முனைகளிலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் எழும்பிவிடுகின்றன. அவற்றில் இறந்தவரின் முகத்தைவிட, அஞ்சலி செலுத்தும் வட்டச் செயலாளரின் கூப்பிய கைகள் பெரிதாக இருக்கின்றன. யாருடைய மாலை முதலில் விழ வேண்டும், யார் வரும்வரை உடலை எடுக்கக் கூடாது, அவருடைய பொறுப்பு இனி யாருக்கு என்ற பேச்சுகள் எல்லாம் சாமியானாப் பந்தலின் ஓரத்திலேயே, பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போதே நடந்து முடிகின்றன. இவை எவையும் அரசியல் இல்லையாம். கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் அது அரசியல், அது அநாகரிகம், அது தமிழ்ப் பண்பாட்டுக்கே இழுக்கு!

வேலூரை அடுத்த ஓர் ஊரில், உள்ளாட்சிப் பொறுப்புகளில் நெடுங்காலம் இருந்து மறைந்த ஒருவருக்கு அண்மையில் படத்திறப்பு நடந்தது. குடும்பத்தார் தங்கள் காரியங்களை எல்லாம் முடித்த பிறகு, திருமண மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, கட்சிக்காரர்கள் நடத்திய கூட்டம் அது. பேசிய ஒவ்வொருவரும் அவரைப் பாலாற்றைக் காத்த பெருமகன் என்றார்கள். பாலாற்றை யார் காத்தார்கள்? தோல் தொழிற்சாலைக் கழிவுகள் இந்த ஆற்றில் கலப்பதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே மேடையில் "பாலாற்றின் காவலர்" என்று முழங்குகிறார்கள். கீழே இருக்கிறவர்கள் கை தட்டுகிறார்கள்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, அவரு பதவியில இருந்தப்பதான் எங்க கெணத்துத் தண்ணி கெட்டுது. நாங்க குடுத்த மனு இன்னா ஆச்சுன்னு அதையும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை, இறந்தவரை 'அவரு' என்று மரியாதையோடுதான் குறிப்பிட்டார். இரண்டு இளைஞர்கள் அவருடைய கைகளைப் பற்றி வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். செத்தவரைப் பற்றிப் பேசினால் கேஸ் போடுவோம் என்று வேறு ஒருவர் மிரட்டினார். அந்தச் சட்டத்தையாவது அவர் படித்திருக்கலாம். இறந்தவரைப் பற்றிய பேச்சு அவதூறாவதற்கு அது குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாக இருக்க வேண்டும். பொதுநலனுக்காக உண்மையைச் சொல்வதற்கு அந்தப் பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. கெட்டுப்போன கிணற்றைப் பற்றிக் கேட்பது யார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம்?

என்னையும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். உடல் கிடத்தப்பட்டிருக்கும் கூடத்திலும் சுடுகாட்டிலும் ஒருவரும் கணக்குக் கேட்கக் கூடாது என்பதே என் கருத்தும். சாவுச் செய்தி கேட்டு இனிப்பு வழங்குகிறவர்களுக்கும், பிள்ளைகளின் காதில் விழும்படி வசை பாடுகிறவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்த அமைதி இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். துக்கத்துக்காக நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றால், நீயும் பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு, பொய்ப் பட்டங்களை விட்டுவிட்டு, ஓரமாக நின்று அழ வேண்டும். நீ பேசலாம், நான் கேட்கக் கூடாது என்பதற்குப் பெயர் துக்கமா?

பண்பாடு என்று பேசுகிறார்களே, இந்த வட ஆர்க்காட்டு மண்ணில் சாவுக்கென்று இருக்கும் பண்பாடு எது என்று அவர்களுக்குத் தெரியுமா? இறந்தவருக்கான காரியத்தின்போது இரவு முழுவதும் கர்ண மோட்சம் கூத்து விடுவது இங்குள்ள ஊர்களின் வழக்கம். ஏன் கர்ணனின் கதை? கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன் அவன். அதே கர்ணன் துரியோதனன் பக்கம் நின்று, திரௌபதியைச் சபையில் இழிவாகப் பேசியவனும்கூட. அவன் கொடையைச் சொல்வதற்காக அவன் நின்ற பக்கத்தைக் கூத்து மறைப்பதில்லை. மனைவி பொன்னுருவி அவனோடு வாதாடுகிறாள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாக்களையும் கேலி செய்துவிட்டு, சமயம் கிடைத்தால் உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் ஒரு வாங்கு வாங்குகிறான். அதைக் கேட்டு ஊரே சிரிக்கிறது, விடியற்காலையில் கர்ணன் சாயும்போது ஊரே அழுகிறது. ஒப்பாரியைக் கேளுங்கள்: சீர் கொண்டுவராத அண்ணனையும், பாதியில் விட்டுப்போன புருஷனையும், பிணத்தின் முன்னாலேயே பெயர் சொல்லிக் கேட்கும் பெண்களை எந்த ஊரிலாவது அநாகரிகம் என்று எழுப்பி அனுப்பியிருக்கிறார்களா?

பொதுவாழ்விலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. குலக்கல்வித் திட்டத்துக்காக ராஜாஜியைக் கடுமையாக எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜியின் இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். அதற்காக அவர் தம்முடைய எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று, இதே வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. 2018 ஆகஸ்டில் என்ன நடந்தது? கருணாநிதியின் உடலுக்கு மெரினாவில் இடம் தர அரசு மறுத்ததால், உயர் நீதிமன்றம் நள்ளிரவில் கூடி வழக்கை விசாரித்து, மறுநாள் காலையில் இடம் ஒதுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அடக்கம் செய்யும் ஆறடி நிலத்திலேயே இவ்வளவு அரசியல் செய்கிறவர்கள், கிணற்றுக்காரர் கேட்கும் கேள்வியில் மட்டும் அரசியல் வாடையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்திறப்பின் முடிவில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு மறைந்தவரின் பெயரைச் சூட்ட வேண்டுமாம். பேருந்து நிலையம் ஊரார் வரிப்பணத்தில் கட்டியது. அதன் முகப்பில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதில் ஊரார் அனைவருக்கும் பேச்சு உண்டு. எதிர்ப்பு மனு எழுதிவிட்டேன். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது.